49-0, 48-0: மார்சியானோவும் ஹோம்ஸும் யார் யாரை ஜெயித்தார்கள்?

குத்துச்சண்டையில் ராக்கி மார்சியானோ 49 சண்டை போட்டு 49-லும் ஜெயித்தவர். அதில் 43 நாக்-அவுட். லாரி ஹோம்ஸ் முதல் 48 சண்டைகளில் தோல்வியே காணாதவர். 49-வதில் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் தோற்றார். அது நடந்தது 1985 செப்டம்பர் 21. மார்சியானோ தன் கடைசிச் சண்டையில் ஆர்ச்சி மூரை வீழ்த்தியது 1955 செப்டம்பர் 21. முப்பது வருஷ இடைவெளியில், ஒரே தேதியில், ஒருவர் 49-ஐத் தொட்டார், இன்னொருவர் அதைத் தவறவிட்டார். அதனாலேயே இந்த இரண்டு ஹெவிவெயிட் சாம்பியன்களையும் ஒப்பிடும் பேச்சு இன்றுவரை ஓயவில்லை.

பேச்சு பெரும்பாலும் இரண்டே வரியில் முடிந்துவிடும். மார்சியானோ வயதானவர்களை அடித்துப் பேர் வாங்கினார் என்பார்கள். ஹோம்ஸ் காலத்தில் அலி, ஃப்ரேசியர், ஃபோர்மன் எல்லாம் போய்விட்டார்கள், மிஞ்சியவர்கள் சுமாரானவர்கள்தான் என்பார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சண்டையாக எடுத்துப் பார்த்தால் படம் மாறுகிறது. என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உச்சியில் உள்ள நான்கைந்து வெற்றிகளை மட்டும் வைத்தால் மார்சியானோ முன்னால் நிற்கிறார். அதற்குக் கீழே, ஆறாவது வெற்றியிலிருந்து பதினைந்தாவது வரை பார்த்தால் ஹோம்ஸின் பட்டியல்தான் ஆழம்.

எப்படிப் பார்ப்பது? முதலில் இருவரின் ஆரம்பச் சண்டைகளையும் ஓரமாக வைத்துவிட வேண்டும். எந்த சாம்பியனுக்கும் முதல் இருபது, இருபத்தைந்து சண்டைகள் தேர்ச்சிக்காகப் போடப்பட்டவை. மார்சியானோ அவற்றில் பெரும்பகுதியை ராட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரில் போட்டார். எதிரில் வந்தவர்கள் பலர் ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். ஹோம்ஸும் 26-0 ஆகும்வரை பெரிய பேர் யாரையும் சந்திக்கவில்லை. இந்தப் பகுதியை வைத்து ஒருவரை மட்டம் தட்டினால் இன்னொருவரையும் சேர்த்துத் தட்ட வேண்டும்.

மிச்சம் உள்ள ஒவ்வொரு சண்டைக்கும் ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எதிராளியின் வயது, எடை. அதற்கு முந்தைய பதினெட்டு மாதத்தில் அவர் யாரோடு மோதினார், என்ன ஆனது. எவ்வளவு நாள் ரிங்குக்கு வெளியே இருந்துவிட்டு வந்தார். சவாலுக்கு உரியவர்கள் வரிசையில் எத்தனாவது இடம். கடைசியாக, அந்தச் சண்டைக்குப் பிறகு இரண்டு வருஷத்தில் என்ன செய்தார். 'தி ரிங்' பத்திரிகை 1920-களிலிருந்தே ஆண்டுத் தரவரிசை போட்டுவருவதால் இரண்டு காலத்துக்கும் பொதுவான அளவுகோல் ஒன்று கையில் இருக்கிறது. ஹோம்ஸ் காலத்தில் சாம்பியன் பட்டம் வழங்கும் டபிள்யூ.பி.சி., டபிள்யூ.பி.ஏ. என்ற இரண்டு அமைப்புகள் தனித்தனியாக வரிசை போட்டன. அவை தங்கள் சாம்பியனுக்கு வசதியாக ஆளை ஏற்றுவதும் இறக்குவதும் உண்டு. ஒப்பிடும்போது அவற்றை நம்ப வேண்டாம்.

பலரும் சறுக்கும் இடம், எதிராளிகளின் மொத்த வெற்றி தோல்வியைக் கூட்டி ஒரு சதவீதம் கண்டுபிடிப்பது. பார்க்கக் கணக்கு சுத்தமாக இருக்கும், விடை தப்பாக வரும். முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் எஸார்ட் சார்ல்ஸின் வாழ்நாள் ரெக்கார்டில் 25 தோல்வி இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் 1954-ல் மார்சியானோவோடு மோதத் தொடங்கிய பிறகு வந்தவை. பணத்துக்காக உடம்பு தேய்ந்தபின்னும் ஆடிக்கொண்டிருந்த காலம் அது. மறுபக்கம், 1983-ல் ஹோம்ஸ் முதல் ரவுண்டிலேயே முடித்த மார்விஸ் ஃப்ரேசியரின் ரெக்கார்டு அன்று 10-0, அதாவது நூற்றுக்கு நூறு. கூட்டல் கணக்குப்படி மார்விஸ்தான் சார்ல்ஸைவிடப் பெரிய எதிராளி! குத்துச்சண்டை பார்க்கிற யாரும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

சார்ல்ஸைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் மார்சியானோ பற்றிய வழக்கு முழுக்க இவரிடம்தான் இருக்கிறது. 1954 ஜூன் 17-ல் யாங்கி ஸ்டேடியத்தில் அவர் வயது 32. கிழவர் இல்லை. ஆனால் மிடில்வெயிட்டில் ஆரம்பித்து லைட் ஹெவிவெயிட்டில் (இரண்டும் ஹெவிவெயிட்டுக்குக் கீழான எடைப்பிரிவுகள்) உச்சம் தொட்டவர். ஆர்ச்சி மூரை மூன்று முறை ஜெயித்தவர். 1950-ல் ஜோ லூயிஸையே 15 ரவுண்டில் தோற்கடித்தவர். தொண்ணூறுக்கும் மேற்பட்ட சண்டைகளின் தேய்மானம் அவர் உடம்பில் இருந்தது. இனி அந்தப் பதினெட்டு மாதத்தைப் பாருங்கள். 1953 ஆகஸ்ட்டில் கியூபாவின் நினோ வால்டெஸிடம் தோல்வி, செப்டம்பரில் ஹெரால்ட் ஜான்சனிடம் தோல்வி. டிசம்பரில் கோலி வாலஸை நாக்-அவுட். 1954 ஜனவரியில் பாப் சாட்டர்ஃபீல்டை இரண்டாவது ரவுண்டில் நாக்-அவுட். இறங்கிக்கொண்டிருந்த ஆள், கடைசி இரண்டில் எழுந்து நின்றுவிட்டார். உச்சகால சார்ல்ஸ் என்று முழு மதிப்பும் கொடுக்க முடியாது, முடிந்துபோனவர் என்று கழிக்கவும் முடியாது.

சண்டையும் அதையே சொல்கிறது. நான்காவது ரவுண்டில் மார்சியானோவின் இடது கண்ணருகே ஆழமான வெட்டு. முன்பாதி சார்ல்ஸின் வேகம், பின்பாதி மார்சியானோவின் விடாப்பிடி. 15 ரவுண்டு முழுக்க மார்சியானோவுக்கு ஈடுகொடுத்து நின்ற ஒரே ஆள் சார்ல்ஸ்தான். மூன்று மாதம் கழித்து நடந்த மறுசண்டையில் மார்சியானோவின் மூக்கு நுனி பிளந்துவிட்டது. கார்னரில் இருந்த உதவியாளர்களால் ரத்தத்தை நிறுத்த முடியவில்லை. இன்னும் ஓரிரு ரவுண்டு போனால் சண்டையை நிறுத்தியிருப்பார்கள். எட்டாவது ரவுண்டில் மார்சியானோ சார்ல்ஸை நாக்-அவுட் செய்துவிட்டார். எதிராளி நல்ல நிலையில் இருந்தாரா என்று தெரிய, சாம்பியனின் முகத்தைப் பார்த்தாலும் போதும்.

ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு 1952 செப்டம்பரில் வயது 38. இதைத்தான் எல்லோரும் எடுத்து வீசுவார்கள். ஆனால் அவர் சும்மா இருந்த சாம்பியன் இல்லை. 1951 ஜூலையில் சார்ல்ஸை ஏழாவது ரவுண்டில் ஒரே இடது ஹூக்கில் சாய்த்துப் பட்டம் எடுத்தார், 1952 ஜூனில் அதே சார்ல்ஸை மறுபடி ஜெயித்தார், அதிலிருந்து மூன்றரை மாதத்தில் மார்சியானோ. பிலடெல்பியாவில் முதல் ரவுண்டிலேயே மார்சியானோவைத் தரையில் உட்காரவைத்தார். மார்சியானோவின் வாழ்க்கையில் முதல் நாக்-டவுன் அது. 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று பேருடைய புள்ளித்தாளிலும் வால்காட்தான் முன்னிலை. 13-ல் கயிற்றோரம் வந்த அந்த ஒரு வலது கை இல்லையென்றால் பட்டம் கைமாறியிருக்காது. இதை மார்சியானோவின் ஆகச் சிறந்த வெற்றி என்பேன். எட்டு மாதம் கழித்து சிகாகோவில் முதல் ரவுண்டிலேயே முடிந்த மறுசண்டைக்கு எந்த மதிப்பும் தர வேண்டியதில்லை. அன்று வந்த வால்காட் வேறு ஆள், அதோடு ஓய்வும் பெற்றுவிட்டார். ஒரே பெயர் பட்டியலில் இரண்டு முறை வந்தால் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போடக்கூடாது.

ஜோ லூயிஸ் விஷயத்தில் மட்டும் எதிர்ப்பாளர்கள் சொல்வது முழுக்கச் சரி. 1951 அக்டோபரில் 37 வயது லூயிஸ், ஓய்விலிருந்து திரும்பி வந்து, சார்ல்ஸிடம் தோற்று, பிறகு எட்டு சண்டை தொடர்ந்து ஜெயித்திருந்தார் என்பது உண்மைதான். ஆனால் கால் நகரவில்லை, வலது கை வெளியே வரவில்லை. இது பெயருக்கான வெற்றி. ஹோம்ஸ் பக்கத்தில் இதற்குச் சரியான ஜோடி 1980 அக்டோபர் 2-ல் முகமது அலி. 38 வயது, இரண்டு வருஷம் சண்டையே இல்லை, தைராய்டு மாத்திரை தின்று எடையை இறக்கியிருந்தார். பத்து ரவுண்டு முடிந்ததும் அலியின் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ சண்டையை நிறுத்திவிட்டார். லூயிஸும் அலியும் இரண்டு பட்டியலிலும் மிகப் பெரிய பெயர்கள், இரண்டு பட்டியலிலும் மிகக் குறைந்த மதிப்புள்ள வெற்றிகள். இரண்டையும் அடித்துவிட்டால் கணக்கு சமன்.

ஹோம்ஸின் ஆகச் சிறந்த வெற்றி கென் நார்ட்டன். 1978 ஜூன் 9, லாஸ் வேகாஸ், சீசர்ஸ் பேலஸ். நார்ட்டனுக்கு 34 வயது. 1976 செப்டம்பரில் அலியோடு மோதித் தோற்றார் என்று தீர்ப்பு வந்தது. பார்த்தவர்களில் பலர் அவர்தான் ஜெயித்தார் என்றார்கள். 1977 நவம்பரில் ஜிம்மி யங்கை வென்றார். ஹோம்ஸோடு 15 ரவுண்டு. இரண்டு நடுவர்கள் 143-142 என்று ஹோம்ஸுக்கும், ஒருவர் அதே 143-142 என்று நார்ட்டனுக்கும் போட்டார்கள். அந்தப் பதினைந்தாவது ரவுண்டு, ஹெவிவெயிட் வரலாற்றிலேயே தலைசிறந்த மூன்று நிமிஷங்களில் ஒன்று. இருவரும் கை தொங்கும் நிலையில் இருந்துகொண்டு ஓயாமல் அடித்துக்கொண்டார்கள்.

ஆனால் இதே நார்ட்டன் பெயரை வைத்து இன்னொருவர் பெரிய ஆளாக்கப்பட்டார் என்பதையும் பார்க்க வேண்டும். 1979 மார்ச்சில் எர்னி ஷேவர்ஸ் நார்ட்டனை முதல் ரவுண்டிலேயே முடித்தார். 1981 மேயில் ஜெரி கூனி 54 விநாடியில் முடித்தார். கூனி 1982 ஜூனில் ஹோம்ஸோடு மோதும்போது 25-0. அந்த 25-ல் கனமான பெயர்கள் ஜிம்மி யங், ரான் லைல், நார்ட்டன். மூன்று பேருமே தங்கள் நல்ல காலம் கடந்து வந்தவர்கள். போதாக்குறைக்கு நார்ட்டன் சண்டைக்குப் பிறகு கூனி பதிமூன்று மாதம் ரிங்கில் ஏறவில்லை. எதிராளியின் தரத்தைப் பார்க்கும்போது ஒரு படி இன்னும் கீழே இறங்கி, அந்த எதிராளி யாரை, எப்போது ஜெயித்தார் என்றும் பார்க்காவிட்டால் கூனி போன்றவர்களுக்கு இரட்டை மதிப்புக் கிடைத்துவிடும். அதற்காகக் கூனியைத் தள்ளிவிடவும் வேண்டாம். இடுப்புக்குக் கீழே அடித்ததற்காக அவரிடம் மூன்று புள்ளி கழித்தார்கள். 12 ரவுண்டு முடிவில் இரண்டு நடுவர்களின் தாளில் ஹோம்ஸ் இரண்டே புள்ளிதான் முன்னால். அந்தக் கழிவு இல்லையென்றால் அந்த இரண்டு தாளிலும் கூனி முன்னால் இருந்திருப்பார். 13-ல் ஹோம்ஸ் முடித்தார். நல்ல வெற்றி, ஆனால் அன்றைய விளம்பரம் சொன்ன அளவுக்குப் பெரியது இல்லை.

ஹோம்ஸுக்கு நியாயமாகச் சேர வேண்டிய பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. மைக் வீவர் 1979 ஜூனில் மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்கு வந்தபோது ரெக்கார்டில் எட்டு தோல்வி, யாரும் மதிக்கவில்லை. ஹோம்ஸைப் படாத பாடு படுத்திவிட்டு 12-வது ரவுண்டில் விழுந்தார். ஒரு வருஷத்துக்குள் அதே வீவர் ஜான் டேட்டைக் கடைசி ரவுண்டின் கடைசி நிமிஷத்தில் சாய்த்து டபிள்யூ.பி.ஏ. சாம்பியன் ஆனார், பிறகு தென்னாப்பிரிக்காவுக்கே போய் கெரி கோட்ஸியை நாக்-அவுட் செய்தார். தோல்வி எண்ணிக்கை எவ்வளவு பொய் சொல்லும் என்பதற்கு வீவரைவிட நல்ல உதாரணம் கிடையாது. டிம் விதர்ஸ்பூன் 1983 மேயில் வெறும் 15 சண்டை அனுபவத்தோடு வந்தார். ஒன்பதாவது ரவுண்டில் ஹோம்ஸைத் தள்ளாடவைத்தார். ஹோம்ஸ் மயிரிழையில் தப்பினார், தீர்ப்பு இரண்டுக்கு ஒன்று. அடுத்த வருஷமே விதர்ஸ்பூன் சாம்பியன்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பின்னால் பட்டம் எடுத்தார் என்பதை எல்லோருக்கும் ஒரே மாதிரி முன்தேதியிட்டுக் கொடுக்கக் கூடாது. வீவரும் விதர்ஸ்பூனும் ஒரு வருஷத்துக்குள் எடுத்தார்கள், அவர்களுக்குக் கொடுக்கலாம். ட்ரெவர் பெர்பிக்கை ஹோம்ஸ் ஜெயித்தது 1981, பெர்பிக் பட்டம் எடுத்தது 1986. ஐந்து வருஷம் அதிகம், அதனால் பாதி மதிப்புதான். ஜேம்ஸ் 'போன்க்ரஷர்' ஸ்மித் 1984-ல் தோற்றார், 1986 டிசம்பரில் விதர்ஸ்பூனை முதல் ரவுண்டிலேயே தட்டிப் பட்டம் எடுத்தார். அவருக்கு இடைப்பட்ட மதிப்பு.

ஷேவர்ஸை இரண்டு முறை ஜெயித்ததும் ஹோம்ஸின் பட்டியலுக்கு வலு. 1978 மார்ச்சில் 12 ரவுண்டும் கிட்டத்தட்ட ஒருதலைப்பட்சம். ஆறு மாதத்துக்கு முன்புதான் இதே ஷேவர்ஸ் அலியை 15 ரவுண்டு ஆட்டிவைத்திருந்தார். 1979 செப்டம்பரில் மறுபடி மோதியபோது ஏழாவது ரவுண்டில் ஷேவர்ஸின் வலது கை நேராக விழுந்து, ஹோம்ஸ் மல்லாந்தார். அந்த அடி வாங்கி எழுந்தவர்கள் குறைவு. ஹோம்ஸ் எழுந்து 11-வது ரவுண்டில் ஷேவர்ஸை முடித்தார்.

மார்சியானோவிடம் இந்த நடுப்பகுதி மெலிவு. ரோலண்ட் லஸ்டார்சா நல்ல ஆட்டக்காரர். 1950-ல் 37-0 ஆக வந்து இரண்டுக்கு ஒன்று தீர்ப்பில்தான் தோற்றார், 1953-ல் 11-வது ரவுண்டில் தோற்றார். ரெக்ஸ் லேன் இருக்கிறார். டான் காக்கல் லஸ்டார்சாவையும் ஹாரி மேத்யூஸையும் ஜெயித்து வரிசையில் மேலே வந்தவர் என்றாலும் உண்மையில் எடை கூடிப்போன லைட் ஹெவிவெயிட். 1955 மேயில் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒன்பது ரவுண்டு அடி தாங்கினார், அவ்வளவுதான். இவர்களுக்குப் பிறகு பட்டியல் சட்டென்று சரிகிறது. மொத்தம் ஆறே முறை பட்டத்தைக் காத்தவருக்கும் இருபது முறை காத்தவருக்கும் இந்த வித்தியாசம் இருக்கத்தான் செய்யும்.

எடையையும் பேசியாக வேண்டும். மார்சியானோ 184-லிருந்து 189 பவுண்டுக்குள் ஆடியவர். இன்று அது ஹெவிவெயிட்டுக்குக் கீழே உள்ள குரூசர்வெயிட். எதிரே வந்த சார்ல்ஸும் மூரும் அதே எடைதான், ஆகவே அவருக்கு ஆதாயமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஹோம்ஸின் எதிராளிகள் பெரும்பாலும் 210 பவுண்டுக்கு மேல். அவர்கள் உருவத்தில் பெரியவர்கள் என்பதால் மட்டும் சிறந்தவர்கள் ஆகிவிடவில்லை. அதைக் காட்டுவதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது அந்த இரண்டு செப்டம்பர் 21. 1955-ல் மூர் லைட் ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்துகொண்டே மேலே வந்தார். வயது அவர் கணக்கில் 38, அவர் அம்மா கணக்கில் 41. ஆனால் அந்த மேயில் வால்டெஸை 15 ரவுண்டிலும் ஜூனில் போபோ ஓல்சனை மூன்றே ரவுண்டிலும் ஜெயித்திருந்தார். இரண்டாவது ரவுண்டில் மார்சியானோவைத் தரையில் இறக்கினார், ஒன்பதில் தோற்றார். அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் தன் எடைப்பிரிவில் சாம்பியனாகவே இருந்தார். 1985-ல் ஸ்பிங்க்ஸும் லைட் ஹெவிவெயிட் சாம்பியன்தான். எடை கூட்டி 200 பவுண்டை ஒட்டி வந்தார், ஹோம்ஸ் 221. ஸ்பிங்க்ஸ் மூன்று தாளிலும் ஜெயித்தார். எடைப்பிரிவு தாண்டி வந்த மேதையை ஒருவர் வென்றார், இன்னொருவர் 20 பவுண்டு சாதகத்தோடும் தோற்றார். ஹோம்ஸுக்கு அப்போது 35 வயது, சரிவில் இருந்தார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். எதிராளிக்குப் பார்க்கிற வயதை சாம்பியனுக்கும் பார்ப்பதுதான் நேர்மை.

கடைசியாக, மோதாமல் விட்டவர்கள். என் பார்வையில் இதுதான் தராசை ஒரு பக்கம் சாய்க்கிறது. 1979 கடைசியிலிருந்து 1986 முடிவுவரை, ஹோம்ஸ், ஸ்பிங்க்ஸ், டைசன் தவிர, டபிள்யூ.பி.ஏ. அல்லது டபிள்யூ.பி.சி. பட்டம் வைத்திருந்தவர்கள் பத்துப் பேர்: டேட், வீவர், டோக்ஸ், கோட்ஸி, பேஜ், டப்ஸ், விதர்ஸ்பூன், பிங்க்ளான் தாமஸ், பெர்பிக், ஸ்மித். ஹோம்ஸ் மோதியது நான்கு பேரோடு, நால்வரையும் ஜெயித்தார், நால்வரோடும் அவர்கள் பட்டம் எடுப்பதற்கு முன்பே மோதினார். கிரெக் பேஜோடு மோதச் சொல்லி டபிள்யூ.பி.சி. நெருக்கியபோது, பணம் போதாது என்று 1983 டிசம்பரில் பட்டத்தையே விட்டுவிட்டு, புதிதாக முளைத்த ஐ.பி.எஃப். என்ற அமைப்பின் பக்கம் போனார். 1984-ல் கோட்ஸியோடு ஏற்பாடான சண்டை, பணம் புரட்ட முடியாமல் கலைந்தது. அது ஹோம்ஸின் தவறில்லை. ஆனால் அந்த வருஷங்களில் மார்விஸ் ஃப்ரேசியர், ஸ்காட் ஃப்ராங்க், லூசியன் ராட்ரிகஸ் ஆகியோருக்கு வாய்ப்புக் கிடைத்து, பேஜுக்கும் தாமஸுக்கும் கிடைக்காததற்குச் சமாதானம் சொல்வது கஷ்டம்.

மார்சியானோ பக்கம் விடுபட்ட முக்கியப் பெயர் வால்டெஸ். 1953-54-ல் முன்வரிசையில் நின்றும் வாய்ப்புக் கிடைக்காமல் போனார். பாப் பேக்கர், கிளாரன்ஸ் ஹென்றி, ஹெரால்ட் ஜான்சன் ஆகியோரையும் சொல்லலாம். ஆனால் பேக்கரையும் வால்டெஸையும் ஜெயித்துவிட்டுத்தான் மூர் வந்தார். மூரை மார்சியானோ ஜெயித்தார். அந்தக் காலத்தில் உயிரோட்டமாக இருந்த முன்னாள் சாம்பியன்கள் அனைவரையும், நடப்பு லைட் ஹெவிவெயிட் சாம்பியனையும் அவர் சந்தித்துவிட்டார். தன் காலத்தின் முதல்தரக்காரர்களில் எத்தனை பேரை ஒருவர் எதிர்கொண்டார் என்று கேட்டால் மார்சியானோவின் விகிதம் ஹோம்ஸைவிடத் தெளிவாக மேல். ஆகவே எதிராளிகளின் தரம் என்ற ஒரே கேள்விக்கு என் ஓட்டு மார்சியானோவுக்கு, சிறிய வித்தியாசத்தில். இருவரும் நேருக்கு நேர் மோதினால் யார் என்பது தனிக் கேள்வி. ஹோம்ஸின் அந்த நீளமான இடது ஜாபை (நேர்க் குத்தை) மார்சியானோ எப்படிக் கடந்து உள்ளே போவார் என்று எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சிறிய வித்தியாசத்தை அழிக்கக்கூடிய வாதம் ஒன்று உண்டு. ஹோம்ஸ் 42 வயதில், 1992 பிப்ரவரியில், தோல்வியே காணாத ரே மெர்சரை 12 ரவுண்டு மூலையில் நின்றபடியே ஏமாற்றி ஜெயித்தார். பட்டம் இழந்து ஆறு வருஷத்துக்கு மேல் ஆன ஒருவரின் இந்த வெற்றியை, சாம்பியன் காலப் பட்டியலில் சேர்ப்பதா வேண்டாமா என்பது பிடித்த முறையைப் பொறுத்தது. நான் சேர்க்கவில்லை, ஏனென்றால் சேர்த்தால் டைசன், ஹோலிஃபீல்ட், மெக்கால் ஆகியோரிடம் தோற்றதையும் சேர்க்க வேண்டும். மார்சியானோவுக்கு அப்படி ஒரு பகுதியே கிடையாது. 1956 ஏப்ரலில், 32 வயதில் நிறுத்திக்கொண்டார். அந்த நவம்பரில் காலியான பட்டத்துக்காக மூரை ஐந்தாவது ரவுண்டில் சாய்த்தவர் 21 வயது ஃப்ளாய்ட் பேட்டர்சன்.